குழாயடிச் செடி, சுவரோரச் செடி

செப்டம்பர் 4, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மழை வராது, புழுக்கம் மட்டும். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம்.

சுவரோரச் செடி பூத்துவிட்டது!

பல் துலக்கிக்கொண்டே குளியலறைப் பக்கம் போனேன். இலைக்கக்கத்தில் பச்சைப் பச்சையாக உருண்டைகள், மிளகு அளவு. வாயில் நுரையோடு கத்தினேன். அத்தை பாம்பு என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடி வந்தார். பூ என்றேன். அவர் குனிந்து பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், விளக்குமாற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாமியாருக்குப் பூ என்றால் மல்லிகை அளவுக்காவது இருக்க வேண்டும்.

அருளுக்கு (இனி அ., எழுதிக் கை வலிக்கிறது) உடனே போன். போர்ட் பிளேரில் அவருக்கு வேலை நேரம், ஏதோ கட்டடத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி காலையில் போன் பண்ணினால் யாருக்கோ முடியவில்லை என்று பயந்திருக்கிறார். பூ என்றதும் சிரிப்பு. போன வருடம் பொங்கலுக்கு வந்தபோது அங்கிருந்து ஆசையாக ஒரு ஜாதிக்காய்க் கன்று கொண்டுவந்தார். அரிமளம் வெயிலுக்கு அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அந்தத் தொட்டி மண்ணிலிருந்து தானாக முளைத்தவைதான் இந்த இரண்டும். ஒன்றைக் குளியலறைச் சுவரோரம் நிழலில் வைத்தேன். இன்னொன்றை ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால், போர் குழாயடியில், வெட்டவெளியில். இரண்டும் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன.

குழாயடிச் செடி (கு.செ.) வெறும் ட்ரெமா. இலை சிறிது, சொரசொரப்பு. களை. சுவரோரச் செடிதான் (சு.செ.) விஷயம். இலை அகலம், அடிப்புறம் சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளை. பிப்டூரஸ் என்று என் மனசு ஆறு மாதமாகச் சொல்கிறது. தீவுகளில் வளரும் புதர், நெட்டில் (nettle) குடும்பம்.

போட்டோ எடுத்து அமுதா மேடத்துக்கு அனுப்பினேன். எம்.எஸ்சி.யில் என் கைடு, திருச்சியில் இருக்கிறார். மத்தியானம் பதில் வந்தது. பூ போதாது, காய் வேண்டும் என்கிறார். காய் காய்ந்துபோனால் வேறு சாதி, சதைப்பற்றாக வெள்ளையாக வந்தால் பிப்டூரஸ். நான் சொன்னது சரி என்றால் காயோடு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, தன் கல்லூரி உலர்தாவரத் தொகுப்பில் வைப்பாராம். லேபிளில் ‘இனங்கண்டவர்’ என்ற இடத்தில் அமலா என்று என் பெயர்.

நாலு வருடமாகக் கெஸ்ட் லெக்சரர். எத்தனை தாளில் அடுத்தவர் பெயரை அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பெயர் ஒன்றிலும் இல்லை. கல்லூரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்த மெசேஜைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திருமயம் தாண்டியது தெரியவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். கல்லூரியில் கேக், ரோஜாப்பூ, நீளமான பேச்சு. எங்கள் துறைத்தலைவரிடம் செடியைப் பற்றிச் சொன்னேன். போட்டோவைப் பார்க்காமலே, அந்தமான் பக்கம் இந்த மாதிரிக் களை ரோட்டோரம் பூரா கிடக்கும்மா என்றார். இருக்கட்டும். ஆய்வகத்திலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு வந்தேன், கேட்டுத்தான்.

சு.செ. பார்த்தவை:

இலைக்காம்பைக் கிள்ளினால் பால் இல்லை, நீர்தான். ஆகவே அத்தி, முசுக்கொட்டை வகையறா இல்லை.

இலை மாறி மாறி. எதிரெதிர் இல்லை.

அடியிலேயே மூன்று நரம்பு பிரிகிறது. விளிம்பில் பல்.

இலையின் மேல்புறம் லென்ஸில் பொடிப் பொடிப் புள்ளி. செல்லுக்குள் சுண்ணாம்பு. நெட்டில் குடும்பத்துக்கு உண்டு!!

காம்புக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் செதில். ஒன்றே ஒன்று, நுனி மட்டும் இரண்டாகப் பிளந்து. ட்ரெமாவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தனித்தனியாக இருக்கும். இதைப் பார்த்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. வயசு முப்பத்து மூன்று, செதிலைப் பார்த்து நெஞ்சு அடிக்கிறது.

சுணை கிடையாது. தடவினால் வெல்வெட்.

இந்தக் கடைசி விஷயத்தை அத்தையிடம் நிரூபிக்க வேண்டியதாயிற்று. நெட்டில் என்றால் என்ன என்று கேட்டார், காஞ்சொறி மாதிரி என்று சொல்லித் தொலைத்தேன். குளிக்கிற இடத்தில் காஞ்சொறியை வளர்க்கிறாளே என்று பக்கத்து வீடு வரைக்கும் சேதி போய்விட்டது. இலையைப் பறித்து என் கன்னத்தில் தேய்த்துக் காட்டினேன். அத்தை ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நல்ல வெயில். பூசைக்குப் போனோம். பிரசங்கத்தில் கவனம் இல்லை, மன்னிக்கவும்.

வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் லென்ஸ். ஒவ்வொரு உருண்டையிலும் வெள்ளை நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பூ ஒன்றுக்கு ஒரே நூல். அதுதான் சூல்முடி. ட்ரெமா என்றால் இரண்டு கிளையாக இருந்திருக்கும். ஆக நெட்டில் குடும்பம் உறுதி. இதுவரை சந்தோஷம்.

அப்புறம் மகரந்தத்தைத் தேடினேன். இல்லை. கீழ்க்கிளை, மேல்கிளை, ஸ்டூல் போட்டு உச்சி. ஒரு பூவில்கூட இல்லை. எல்லாம் பெண் பூ. பெண் செடி.

ஆண் செடி இல்லாமல் காய் எப்படி வரும்? இந்த மாவட்டத்தில் இந்தச் சாதியில் இன்னொரு செடி எங்கே போய்த் தேட? அ.விடம் சொன்னேன். நீ அங்கிட்டு, நான் இங்கிட்டு, நம்ம வீட்டுச் செடிக்கும் அதே தலையெழுத்தா என்றார். சிரித்தேன். போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுகையாகவும் வந்தது. டிசம்பரில் வரும்போது ஆண் செடி கிடைத்தால் கொண்டுவருகிறேன் என்றார். அதற்குள் இந்தப் பூ உதிர்ந்துவிடும்.

குழம்பு: வாளை மீன், கட்டுமாவடி வண்டிக்காரர் கொடுத்தது. உப்பு அதிகம். நான்தான் போட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் பஸ் இறங்கி வந்தேன். போர் குழாயடி பளிச்சென்று வெட்டவெளியாக இருந்தது. கு.செ. இல்லை. முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும். பக்கத்தில் கிளைகளை ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தார் அத்தை, ஆட்டுக்குப் போட.

எனக்குக் கோபம் இல்லை. போன வாரம் நான்தான் சொன்னேன், அத்தே அது சும்மா களை, ஒன்றும் காய்க்காது என்று. காய்க்காது என்ற வார்த்தை போதும் அவருக்கு. ஆண் பப்பாளி என்று தெரிந்த அன்றைக்கே வெட்டி எறிந்துவிட்டு அந்தக் குழியில் வேறு கன்று வைக்கிறவர். காய்க்காததற்குத் தண்ணீர் விடுவது அவர் கணக்கில் பாவம்.

இடம் நன்றாக இருக்கிறது அத்தே என்று சொல்லிக்கொண்டே கிளைக் கட்டைத் தூக்கினேன். கட்டியிருந்தது கயிறு இல்லை. அந்தச் செடியின் பட்டையையே உரித்துக் கட்டியிருந்தார். நீளமாக, ஒரே வார். இழுத்துப் பார்த்தேன், அறவில்லை. இவ்வளவு வலுவான நார் என்றால் நெட்டில் குடும்பம்தான் முதலில் நினைவுக்கு வரும். கை அங்கேயே நின்றுவிட்டது.

இலையைத் திருப்பினேன். சாம்பல் நிறம். ஆனால் கட்டின் நடுவில், நிழலில் வளர்ந்த உள்கிளையின் இலையில் வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை. லென்ஸ் எடுக்க ஓடினேன், செருப்பு ஒன்று வாசலிலேயே போயிற்று. நடுவில் ஒரே செதில், நுனி பிளந்து. மேலே பொடிப் புள்ளி. கணுவுக்குக் கணு உருண்டை மொட்டு. ஒன்றைக் குண்டூசியால் பிரித்தேன். உள்ளே மகரந்தக்காம்பு நாலைந்து, உள்பக்கமாகச் சுருண்டு, வில் மாதிரி.

ஆண்.

இரண்டும் ஒரே சாதி. இது ஆண், அது பெண். வெயிலில் நின்றதால் இதற்கு இலை சிறுத்துச் சொரசொரத்திருக்கிறது, நிழலில் நின்றதற்கு அகன்று வெளுத்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். இலையை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதே, பூவைப் பார் என்று முதல் வருடப் பிள்ளைகளை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! சொந்தக் கொல்லையில் ஆண் செடியைக் களை என்று சொல்லி வெட்டக் கொடுத்திருக்கிறேன்.

மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வருகிறது, என்னையே அறையவும் தோன்றுகிறது. அத்தை வந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

“நீதான ஆத்தா காய்க்காதுன்ன?”

நான்தான்.

அடிக்கட்டை துளிர்க்கும். ஆனால் பூக்க அடுத்த வருடம் ஆகும். கிளைகளை அவிழ்த்து, மொட்டு உள்ளவற்றைப் பொறுக்கி, வாளித் தண்ணீரில் நிறுத்தினேன். மூன்று வாளி. நாளைக் காலைக் குளியலுக்கு வாளி இல்லை. அத்தை ஆட்டை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கல்லூரிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். கெஸ்ட் லெக்சரருக்குத் தலைவலி வந்தால் அன்றைய சம்பளம் கிடையாது. போகட்டும்.

வாளிகளைச் சு.செ.க்குப் பக்கத்தில் வைத்தேன். இலைகள் கொஞ்சம் துவண்டிருந்தன, மொட்டுகள் கெட்டியாகத்தான் இருந்தன. வெயில் சுவரைத் தாண்டி இறங்கக் காத்திருந்தேன். காபி ஆறிப்போயிற்று. மொட்டு அசையவில்லை. வெட்டின கிளைக்கு உயிர் எவ்வளவு நேரம் இருக்கும், எந்தப் புத்தகத்திலும் படித்த ஞாபகம் இல்லை.

வெயில் பட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு மொட்டிலிருந்து பொட்டென்று ஒரு துளிப் புகை.

இன்னொன்று. அப்புறம் அந்தக் கிளை முழுக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாக. சுருண்டிருந்த காம்புகள் சூட்டில் விடுபட்டு, சட்டென்று நிமிர்ந்து, மகரந்தத்தை வீசி எறிகின்றன. வகுப்பில் நாலு வருடமாகச் சொல்லியிருக்கிறேன், போர்டில் படம் போட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தில் நான் வரைந்தது இதுதான்! அத்தே அத்தே என்று கத்தினேன்.

அத்தை கையில் ஊதுகுழலோடு வந்தார். பார்த்தார். புகையுதே என்றார் மெதுவாக. தீ இல்லையே என்று மொட்டைத் தொட்டுப் பார்த்தார், அது அவர் விரலிலேயே வெடித்தது. கையை உதறிக்கொண்டு சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு வேலை. கிளையைப் பெண் பூவுக்கு மேலே பிடித்து மெல்லத் தட்ட வேண்டும். பூசணிப் பூவுக்குச் செய்கிற மாதிரிதான் என்றேன். அத்தை உடனே ஒரு கிளையை எடுத்துப் பேயோட்டுவது போல அடித்தார். பாதி இலை உதிர்ந்தது. நான் கத்த, அவர் முறைக்க, அப்புறம் அவரே சுண்டுவிரலால் தட்டக் கற்றுக்கொண்டார். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் மாறி மாறித் தட்டினோம். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்தது.

இரண்டு பேருக்கும் தும்மல்.

செப்டம்பர் 10, புதன்

வகுப்பு இருந்தது. நான் கிளம்பும்போது சுவரைத் தாண்டி வெயில் இறங்கவில்லை. அத்தையிடம் பொறுப்பு. சாயங்காலம் கேட்டேன். இன்றைக்குக் கொஞ்சம்தான் புகைந்ததாம், மேல்கிளைக்குத் தட்டிவிட்டாராம். வாளிக் கிளைகள் தலை தொங்கிவிட்டன. இனிமேல் நம் கையில் ஒன்றும் இல்லை.

மேடத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன், ட்ரெமா என்று நான் உளறியதையும் சேர்த்து. பதில்: ‘காய் வரட்டும், பார்க்கலாம்.’ ஒரு சிரிப்பு முகம்கூட இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெள்ளை நூல்கள் பழுப்பாகிக் காய்ந்துவிட்டன. கருவுற்றால் காயும். கருவுறாவிட்டாலும் காயும். இதை எழுதி என்ன பிரயோசனம்.

கரன்ட் இல்லை. தோசை மாவு புளித்துவிட்டது. மாடல் தேர்வுத் தாள் திருத்தப் பாக்கி.

துறைத்தலைவர், என்னம்மா உங்க அந்தமான் களை எப்படி இருக்கு என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வளர்கிறது சார் என்றேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கீழ்க்கிளையில் உருண்டைகள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. பொறுக்கிப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே சப்பை. அவ்வளவுதானா?

அத்தை அந்தக் கிளைப் பக்கமே போவதில்லை. வெட்டினவள் நான்தானே என்று தனியாகப் புலம்புகிறாராம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். வெட்டச் சொன்னது போல் ஆனது என் வாயால்தான், அத்தே, விடுங்க என்றேன். கேட்பதாக இல்லை. மூலையில் கொட்டும் அரிசி கழுவிய தண்ணீரை இப்போது சு.செ.க்கு ஊற்றுகிறார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மேல்கிளை உருண்டைகள் உதிரவில்லை. பெருத்திருக்கின்றன!! நேற்று மிளகு, இன்று சுண்டைக்காய் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெருத்திருக்கின்றன. அத்தை கொடுத்த கிளைதான் அது, புதன்கிழமைக் கிளை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். பார்த்துவிட்டு, ம் என்றார். அப்புறம் இரண்டு மூன்று தடவை யாரும் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் போய் வந்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

இடியோடு நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், செடிக்குத்தான் குடை. பச்சை லேசாக வெளிறுகிறது. காய்ந்து வெளிறுகிறதா, பழுத்து வெளிறுகிறதா. நகத்தால் அழுத்திப் பார்க்கக் கை பரபரக்கிறது. அழுத்தவில்லை.

சின்னான் குருவி இரண்டு மதிலில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கின்றன. பழைய கொசுவலையைக் கிழித்து மேல்கிளைக்குக் கட்டினேன். தெருவில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

வெள்ளை!

வெள்ளை, வெள்ளை, சதைப்பற்றான வெள்ளை. சின்ன முசுக்கொட்டைப் பழம் ஒன்றைப் பாலில் முக்கி எடுத்த மாதிரி. மேலே கடுகைவிடப் பொடியாகப் பழுப்பு விதைகள் பதிந்து. நகம் பட்டதும் நசுங்கிச் சாறு. பிப்டூரஸ். பிப்டூரஸ். பிப்டூரஸ். எந்த இனம் என்று மேடத்தோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் பேரினம் அதுதான், மேலே இருக்கிற கர்த்தர் வந்து கேட்டாலும் சொல்வேன்.

ஒன்றை வாயில் போட்டேன். வழவழப்பு, லேசான இனிப்பு, வேறு சுவை இல்லை. அத்தை பார்த்துவிட்டு, செத்துகித்துப் போயிராத, எம்மவனுக்கு நான் என்ன சொல்ல என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒன்றைக் கேட்டார்.

அ.வுக்கு வீடியோ கால். நல்லாருக்கு நல்லாருக்கு என்றார், மனுஷனுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கண் நிறைந்திருந்தது. மேடம் சனிக்கிழமை நேரில் வருகிறார், அழுத்துபலகை, பழைய செய்தித்தாள் எல்லாவற்றோடும்.

அக்டோபர் 18, சனி

விடியற்காலைத் தூறல், பிறகு வெயில். தீபாவளிக் கூட்டத்தில் மேடம் பஸ்ஸில் நசுங்கி வந்து சேர்ந்தார். கை கழுவினதும் நேரே செடிக்குப் போனார். கொசுவலையை அவிழ்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார், நீண்ட நேரம். காயைப் பிட்டார். செதிலைப் பார்த்தார். கு.செ.யின் அடிக்கட்டையில் வந்த துளிரையும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, சரியாச் சொல்லியிருக்கீங்க அமலா என்றார். எப்போதும் ‘நீ’ என்று கூப்பிடுகிறவர்.

வெட்டிரலாமா என்று கத்தரியை எடுத்தார். அப்போதுதான் அத்தைக்குப் புரிந்தது. காபித் தம்ளரைக் கல்லில் வைத்துவிட்டு வந்து செடிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“காய்ச்சு நிக்கிற செடியில கத்தி வைப்பாங்களா?”

காயோடு ஒரு கிளை இருந்தால்தான் தொகுப்பில் வைக்க முடியும் என்று மேடம் பொறுமையாக விளக்கினார். போட்டோ புடிச்சுக்கங்க என்றார் அத்தை. போட்டோ போதாதும்மா. அப்பக் காய மட்டும் பறிச்சுக்கங்க. காய் மட்டும் போதாது, இலையும் தண்டும் சேர்ந்து வேண்டும். அத்தை நகரவில்லை. காய்க்காதது என்று ஒன்றை வெட்டி ஒரு மாதம் தூக்கம் கெட்டவர், காய்த்ததை வெட்டச் சொன்னால் எப்படி விடுவார். எனக்கு அவரைத் தள்ளவும் முடியவில்லை, மேடத்தைத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அத்தே, அந்தத் தாளில் கீழே ஒரு பெயர் எழுதுவாங்க, இது என்ன செடின்னு கண்டுபிடிச்சவங்க பெயர், அதுக்குத்தான் என்றேன்.

“யாரு பேரு? அருள் பேரா?”

“இல்லத்தே. எம் பேரு.”

என்னைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்து, நெசமாவா என்றார். மேடம் தலையாட்டினார். எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்று கேட்டார். பூச்சி அரிக்காமல் வைத்தால் நாம் எல்லாரும் போன பிறகும் இருக்கும் என்றார் மேடம்.

அத்தை விலகி வழிவிட்டார். நான் அவர் மனசு நோகாமல் இருக்கட்டும் என்று ஓரத்தில், இலைக்கடியில் மறைந்திருந்த ஒரு சின்னக் கிளையைப் பிடித்தேன். இரண்டே காய்.

“அது புழு அடிச்சது. ஒன் பேரு போட்டு வைக்கிறதுக்கு அதையா குடுப்ப?”

செடிக்குள் கையை விட்டு, இருக்கிறதிலேயே அதிகமாகக் காய்த்திருந்த மேல்கிளையை, அவர் புதன்கிழமை தட்டின கிளையை, என் கைக்கு எட்டும்படி வளைத்துப் பிடித்தார்.

வெட்டினேன்.